எழுதியாச்சு, காசு வரல: எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்கும் வழி

பாளையங்கோட்டையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிற என்னிடம், கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களைவிட ‘அண்ணாச்சி, எழுதின காசு வரமாட்டேங்கு’ என்று போனை நீட்டுகிறவர்கள் இப்போது அதிகம். களக்காடு, கடையம், முக்கூடல், திசையன்விளை என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தொடர், அமேசானின் கிண்டிலில் நாவல், சொந்த இணையதளத்தில் சமையலும் ஆன்மிகமும். அவர்கள் கொண்டுவந்த சிக்கல்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே தலைப்பாக வைத்து எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரு சோதனை மட்டும் எல்லாருக்கும் பொது.

எந்தத் தளமானாலும் வருமானப் பக்கம் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து இரண்டு எண்களைப் பாருங்கள்: இதுவரை ஈட்டியது எவ்வளவு, இதுவரை அனுப்பியது எவ்வளவு. அனுப்பிய தொகையும் தேதியும் அங்கே இருந்தால் சிக்கல் வங்கியில். ஈட்டியது இருந்து, அனுப்பியது காலியாக இருந்தால் சிக்கல் பெயர், முகவரி, படிவம் போன்ற காகித விவரத்தில், இல்லையென்றால் அனுப்பும் நாள் இன்னும் வரவில்லை. ஈட்டியதே பூஜ்யம் என்றால்தான் எழுத்தையும் வாசகரையும் பற்றிப் பேச்சு. நம்மாட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காசு வரவில்லை என்றதும் ‘எழுத்து சரியில்ல போல’ என்று கதாநாயகியின் குணத்தை மாற்ற உட்கார்ந்துவிடுகிறார்கள். கதையைத் தொடாதீர்கள். வங்கியிலிருந்து தொடங்கி மேலே ஏறுவோம்.

“அனுப்பியாச்சுன்னு காட்டுது, பாஸ்புக்ல ஏறல”

முதலில் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. எண். மொத்தம் பதினொரு எழுத்து. முதல் நான்கும் ஆங்கில எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்த இடத்தில் ‘ஓ’ என்ற எழுத்தை அடித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அடுத்தது பழைய பாஸ்புக். 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்துவிட்டன. பழைய எண்கள் இப்போது செல்லாது. பீரோவிலிருந்து எடுத்த பாஸ்புக்கைப் பார்த்து எண் அடித்திருந்தால் இதுதான் காரணம். புது பாஸ்புக் அல்லது காசோலைப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்துங்கள்.

இரண்டு வருஷமாக நீங்களாகப் போட்டதும் எடுத்ததும் இல்லாத கணக்கை வங்கி செயல்படாத கணக்காக வைத்துவிடும். ஆதாரோடு கிளைக்குப் போய்க் கே.ஒய்.சி. என்கிற அடையாள விவரத்தைப் புதுப்பித்தால் எழுந்துவிடும். முழு கே.ஒய்.சி. இல்லாமல் திறந்த சிறு கணக்கு என்றால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அதில் ஒரு வருஷத்துக்கு மொத்த வரவு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகாது, வெளிநாட்டுப் பணமும் ஏறாது. அடையாளம் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் போல டாலரில் வருவதற்கு, வெளிநாட்டுப் பணத்துக்கான வங்கிக் குறியீடான ஸ்விஃப்ட் கோடு வேண்டும். ஊரிலுள்ள சின்னக் கிளைக்கு அது பெரும்பாலும் இருக்காது. அதே வங்கியில் அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளையின் கோடை வாங்கிப் போடுங்கள். கணக்கு எண் உங்களுடையதே. பணம் அங்கே வந்து நிற்கும்போது ‘எதற்கான பணம்’ என்று கேட்பார்கள். அதற்கு நோக்கக் குறியீடு சொல்ல வேண்டும். விளம்பர வருமானத்துக்குப் பி1007, கையெழுத்துப் பிரதி போன்ற படைப்பைப் பயன்படுத்தக் கிடைக்கும் உரிமத் தொகைக்குப் பி0902. இதைச் சொல்லத் தெரியாமல் ‘மகன் துபாயில இருந்து அனுப்பினான்’ என்று சொல்லிவைத்தால் பின்னால் வரிக் கணக்கில் இடிக்கும்.

“பேரு பொருந்தலன்னு திருப்பி அனுப்பிட்டான்”

என்னிடம் வருவதில் அதிகம் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். தளங்களோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துக் கேட்கின்றன. பேச்சிமுத்து மகள் இசக்கியம்மாள் என்று ஒருத்தியை வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடச் சான்றிதழில் தகப்பனார் இனிஷியல். கல்யாணம் ஆனதும் வங்கியில் மாப்பிள்ளை இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். பான் விண்ணப்பத்தில் கடைசிப்பெயராக இனிஷியல் போட முடியாது என்பதால் அங்கே முழுசாக ‘இசக்கியம்மாள் பேச்சிமுத்து’. இது போதாதென்று ஆங்கில எழுத்துக் கூத்து வேறு. ஒரு அட்டையில் பெயர் ‘ஈ’யில் தொடங்கும், இன்னொன்றில் ‘ஐ’யில். அம்மாளுக்கு ஓரிடத்தில் ஒற்றை ‘எம்’, ஓரிடத்தில் இரட்டை. ஊர் முழுக்க அவள் ஒருத்திதான். கம்ப்யூட்டருக்கு நாலு பேர்.

திருத்தும்போது எதை அளவுகோலாக வைப்பது? பான் அட்டையை வையுங்கள். வரி பிடிப்பதும் திரும்பக் கிடைப்பதும் பான் வழியாகத்தான். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு தடவைதான் திருத்த முடியும் என்பதால் அவசரப்பட்டு அதைத் தொட வேண்டாம். பான், ஆதார் இரண்டும் இனிஷியல் விரிவைத் தவிர ஒத்துப்போனால் வங்கியை மட்டும் மாற்றினால் போதும். இரண்டின் நகலையும் வைத்துப் பெயர் திருத்தப் படிவம் எழுதிக் கொடுங்கள். வங்கியில் மாறிய பிறகு, பாஸ்புக் முதல் பக்கத்தில் அச்சான எழுத்தை அப்படியே, இடைவெளி உட்பட, தளத்தில் பெறுநர் பெயராக அடியுங்கள். வரிசை முக்கியம். தளத்தை முதலில் மாற்றிவிட்டு வங்கிக்குப் போனால் நடுவில் வரும் தொகை மறுபடி திரும்பிப்போகும்.

பெயரே வேறாக இருந்தால், அதாவது வீட்டில் கோமதி, அட்டையில் சங்கரகோமதி என்கிற ரகம் என்றால், அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் வழி. அது தனிப் பாடு.

கடையம் பக்கத்து அக்கா ஒருத்தர் சுருக்கு வழி கேட்டார். “அவுக அக்கவுண்டையே குடுத்திருதேன் அண்ணாச்சி. அவுகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

“வித்தியாசம் பான் கார்டுல இருக்கு தாயி” என்றேன்.

வீட்டுக்காரர் கணக்கில் போட்டால் முதலில் பெறுநர் பெயர் பொருந்தாது. எப்படியோ பொருந்தினாலும் வருமானம் அவர் பெயரில் நிற்கும். எழுத்தாளருக்கென்று உள்ள வரிக் கழிவை அவரால் கேட்க முடியாது, அவர் எழுதவில்லை. உங்கள் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

புனைபெயர் விஷயத்தில் பயம் வேண்டாம். கிண்டிலில் புத்தகத்தின் மேல் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். கணக்கும் வரிப் படிவமும் மட்டும் உண்மைப் பெயரில் இருக்க வேண்டும். மாமியாருக்குத் தெரியாமல் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். அவர்களுக்கு ஆபத்து தளத்திலிருந்து வராது, தபாலில்தான் வரும். அதுதான் அடுத்தது.

“பின் நம்பர் தபால் வரவே இல்ல”

தளத்தில் விளம்பரம் போட்டு ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும் கூகுள் உங்கள் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பும். அதிலுள்ள எண்ணை உள்ளிட்டால்தான் பணம் விடுபடும். சாதாரணத் தபால், வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஓரங்களைக் கிழித்துத் திறக்கிற சின்ன உறை. பார்க்க விளம்பரத் தாள் மாதிரி இருப்பதால் வாசலில் வாங்கியவர்களே எடுத்துப் போட்டுவிடுவார்கள். நான்கு மாதத்துக்குள் எண்ணைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

முகவரியில் ‘அம்மன் கோவில் பின்புறம்’ என்று எழுதினால் போஸ்ட்மேனுக்குப் புரியும், ஆனால் கட்டத்தில் இடம் போதாமல் ஊர்ப்பெயர் வெட்டுப்படும். கதவு எண், தெரு, ஊர், தபால் ஆபீஸ், 627இல் தொடங்கும் அஞ்சல் குறியீடு, இவ்வளவு போதும். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது. அந்தப் பக்கத்து ஆதாரில் பழைய மாவட்டப் பெயரே இருக்கலாம். தபால் வந்து சேருவதற்கு அது தடையில்லை. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டும் தபால் வராமல் போனால், கடைசியில் அடையாள அட்டையை ஏற்றிச் சரிபார்க்கும் வழி திறக்கும். அப்போது அட்டையில் உள்ள முகவரியும் கணக்கில் உள்ளதும் ஒன்றாக இருப்பது நல்லது.

உங்கள் ஊர்த் தபால் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இதைவிடப் பலன் தருகிற உத்தி எதையும் நான் பார்த்ததில்லை.

“மாசம் முடிஞ்சிட்டு, இன்னும் அனுப்பல”

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. கிண்டிலில் ஒரு மாதம் ஈட்டியது, அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வரும். ஜனவரியில் விற்றதற்கு மார்ச் கடைசி. ஆட்சென்ஸில் 100 டாலர் சேரும்வரை நகராது. சேர்ந்தால் அடுத்த மாதம் 21ஆம் தேதியிலிருந்து 26ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள். தமிழ்ப் பக்கங்களுக்கு 2018இல்தான் ஆட்சென்ஸ் அனுமதியே கிடைத்தது. விளம்பரக் கட்டணம் ஆங்கிலத்தைவிடக் குறைவு. அந்த 100 டாலர் சேர வருஷம் ஆகிறதென்றால் அதைச் சிக்கல் என்று சொல்ல மாட்டேன், அதுதான் நிலவரம்.

“அமெரிக்காக்காரன் முப்பது சதவீதம் பிடிச்சிட்டான்”

அமெரிக்காவில் இருக்கும் தமிழர் அமேசான்.காம் வழியாக உங்கள் கிண்டில் நூலை வாங்கினால், அந்த ராயல்டிக்கு அங்கே வரி உண்டு. படிவம் நிரப்பாதவர்களுக்கு 30 சதவீதம். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள இரட்டை வரி ஒப்பந்தத்தின்படி 15. அந்தச் சலுகைக்கு, கணக்கில் வரி விவரப் பகுதிக்குப் போய் டபிள்யூ-8பென் படிவத்தை முடிக்க வேண்டும். அயல்நாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண்ணைப் போடுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுத்தான் பலர் கூடுதலாக 15 சதவீதத்தை அங்கேயே விடுகிறார்கள்.

‘போன வருஷம்வரை 15 தான் பிடிச்சான், இப்பம் 30 ஆயிட்டு’ என்றால் படிவம் காலாவதியாகியிருக்கும். கையெழுத்திட்ட வருஷத்துக்குப் பின் மூன்றாவது வருஷத்தின் டிசம்பரோடு அதன் ஆயுள் முடியும். மறுபடி நிரப்புங்கள். அங்கே பிடித்த வரியை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ள முடியும். அதற்குக் கணக்கு தாக்கல் செய்யும்போது வெளிநாட்டு வரி வரவுக்கான படிவம் 67 கொடுக்க வேண்டும்.

“பத்தாயிரம் பேர் படிச்சிருக்காவ, காசு மட்டும் இல்ல”

இப்போதுதான் எழுத்துப் பக்கம் வருகிறோம். 2014இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபியில் இந்தக் குறை அதிகம் கேட்கும். படித்தவர் எண்ணிக்கை வேறு, பணம் கொடுத்துப் படித்தவர் எண்ணிக்கை வேறு. திறந்து கிடக்கும் அத்தியாயத்தை ஊரே படித்தாலும் வருமானம் இல்லை. வாசகர் நாணயம் செலவழித்துத் திறப்பது, சந்தா கட்டுவது, ஸ்டிக்கராகப் பரிசு தருவது, இவற்றில்தான் காசு. ஆகவே முதலில் உங்கள் தொடர் கட்டணப் பகுதிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதத் தெரிந்தவர்கள் பலர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை.

இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் வடிவத்தைப் பாருங்கள். நெல்லைக்கு எழுத்துப் பெருமைக்குக் குறைவில்லை. புதுமைப்பித்தனைச் சொல்வோம். தி.க.சி. 2000இலும் அவர் மகன் வண்ணதாசன் 2016இலும் சாகித்திய அகாதெமி வாங்கினார்கள் என்று சொல்வோம். கேட்கிறவர்களும் அந்த வரிசையில் நிற்க ஆசைப்பட்டு ஆறு பக்கச் சிறுகதை எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தளங்களில் காசு தொடருக்கு. முப்பது, நாற்பது அத்தியாயம், வாரத்தில் குறித்த நாளில் தவறாமல், ஒவ்வொன்றின் முடிவிலும் அடுத்ததைத் திறக்க ஒரு காரணம். குடும்பக் கதையும் காதல் கதையும்தான் ஓடுகின்றன. சிறுகதை எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. அதை இதழுக்கு அனுப்புங்கள், தொகுத்துப் புத்தகமாகப் போடுங்கள். நாணயக் கணக்கில் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். தொடர் நடுவில் பத்து நாள் காணாமல் போனால் கட்டணம் கொடுத்துப் படிக்கிறவர் முதலில் போவார், இலவசமாகப் படிக்கிறவர் கடைசிவரை இருப்பார். திருவிழா, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று வரும் என்பது தெரிந்ததுதானே. அதற்குமுன் ஐந்தாறு அத்தியாயம் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

“கிண்டில்ல பக்கம் ஓடுது, தொகை சில்லறையா வருது”

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றும் அக்காக்களுக்கு ஆயிரம் பீடிக்குக் கூலி இன்னது என்று இலையைக் கையில் எடுக்கும்போதே தெரியும். வாசகர் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டிலும் எண்ணிக்கைக் கூலிதான், படித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று. ஆனால் பக்கத்தின் விலை மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். அமேசான் அந்த மாதத்துக்கு ஒதுக்கும் நிதியை வைத்து அது மாறும், நாட்டுக்கு நாடும் மாறும். ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதல் தடவை படிப்பதற்குத்தான் கணக்கு. திரும்பப் படித்தால் மகிழ்ச்சி மட்டும். நெட் இல்லாமல் படித்தவர்களின் பக்கங்கள், அவர்கள் போன் மறுபடி இணையும்போது வந்து சேரும், ஆகவே பழைய தேதியில் எண்ணிக்கை கூடினால் பதற வேண்டாம்.

விற்பனையில் சில்லறை என்றால் ராயல்டி விகிதத்தைப் பாருங்கள். 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு. இந்தியாவில் 70 வேண்டுமென்றால் நூல் கே.டி.பி. (கிண்டிலில் நாமே நூல் வெளியிடும் பகுதி) நடத்தும் செலக்ட் திட்டத்தில், அதாவது மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் திட்டத்தில் இருக்க வேண்டும், விலையும் அவர்கள் வைத்த வரம்புக்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் 35 தான். 70 தேர்ந்தால் கோப்பின் அளவுக்கு ஏற்ப டெலிவரி கட்டணமும் கழியும். குற்றாலப் படம், கோவில் படம் என்று கனமான புகைப்படங்களைத் திணித்த பயண நூலுக்கு அந்தக் கழிவே கையைக் கடிக்கும். படங்களைச் சுருக்கி மறுபடி ஏற்றுங்கள்.

“புத்தகம் பூரா பூச்சி பூச்சியா தெரியுது”

இது என் தொழில் என்பதால் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து அச்சகங்களில் பல வருஷமாகப் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடந்தது. எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் குறியீட்டு முறையான யுனிகோடைத் தமிழக அரசு 2010இல் தரமாக ஏற்ற பிறகும் பழைய கை மாறவில்லை. அந்தக் கோப்பில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. கிண்டிலில் முகமூடி கழன்றுவிடும்.

சோதிப்பது சுலபம். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யுனிகோடு. ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால் பழைய எழுத்துரு. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. எந்த எழுத்துருவிலிருந்து என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

மாற்றியதோடு வேலை முடியாது. இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் தமிழ்க் குப்பையாகியிருக்கும். அதைவிட மோசம், கண்ணுக்குத் தெரியாத பிழைகள். பழைய தட்டச்சர்கள் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ போட்டிருப்பார்கள், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ‘கௌரி’ என்பதைக் ‘கெ’யும் ‘ள’வுமாக அடித்து ‘கெளரி’ ஆக்கியிருப்பார்கள். அச்சில் யாருக்கும் தெரியாது. கிண்டிலிலோ வாசகர் தேடினால் அகப்படாது, தலைப்பில் இருந்துவிட்டால் புத்தகமே அகப்படாது. ‘விற்கவே இல்லை’ என்று வந்த ஒரு நூலின் தலைப்பில் காலுக்குப் பதில் ரகரம் இருந்ததை நான் கண்டேன். தலைப்பு, ஆசிரியர் பெயர், தேடுசொற்கள் மூன்றையும் நீங்களே யுனிகோடில் கையால் அடியுங்கள், ஒட்டாதீர்கள்.

பி.டி.எஃப். ஏற்றாதீர்கள். தமிழ் மின்னூலுக்கு வேர்டு கோப்பு அல்லது இ-பப் தான். ஏற்றிய பிறகு முன்னோட்டத்தில் போன் திரை அளவு வைத்து முதல் பக்கம், நடுப்பக்கம், கவிதையோ கடிதமோ வரும் பக்கம் மூன்றையாவது பாருங்கள்.

“போட்ட புத்தகத்தைத் தூக்கிட்டான்”

மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். செலக்ட் திட்டத்தில் சேர்த்த மின்னூல், 90 நாளைக்கு வேறெந்தத் தளத்திலும் மின்வடிவில் இருக்கக் கூடாது. பிரதிலிபியில் தொடராக வந்தது அப்படியே இருக்க, அதையே செலக்டில் போட்டால் எச்சரிக்கை வரும். ஒன்று தொடரை நீக்குங்கள், அல்லது செலக்டிலிருந்து விலகுங்கள். 90 நாள் முடிந்தால் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், ஆகவே தானாகப் புதுப்பிக்கும் குறியையும் எடுத்துவிட வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது. நீக்கும்முன், தொடர்த் தளத்தோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் பிரத்தியேக உரிமை என்ற சொல் இருக்கிறதா என்று படியுங்கள். என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: முன்பணம் இல்லாமல் பிரத்தியேக உரிமையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்து. உங்கள் சொந்தத் தளத்தில் வந்ததாகவே இருந்தாலும் உரிமை உங்களுடையதுதானா என்று கேட்பார்கள். அந்தத் தளம் உங்களுடையது என்பதைக் காட்டிப் பதில் எழுதினால் சரியாகிவிடும்.

மூன்றாவது, பதிப்புரிமை நீங்கி எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட நூல்கள். புதுமைப்பித்தன் எழுத்து 2002இல் நாட்டுடைமையாகிவிட்டது, ‘நம்ம ஊர்க்காரர்தானே’ என்று தொகுப்பு போட வருகிறார்கள். போடலாம். ஆனால் இலவசப் பதிப்பு ஏற்கெனவே இருந்தால், உங்கள் உழைப்பாகக் குறிப்புரையோ ஓவியமோ மொழிபெயர்ப்போ சேர்ந்திருக்க வேண்டும். ராயல்டியும் 35 சதவீதம் மட்டுமே.

செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததை ஏற்றுகிறவர்கள், 2023 செப்டம்பரிலிருந்து கே.டி.பி. அதைக் கேட்கிறது என்பதால் கேட்கும் இடத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். மறைத்து மாட்டினால் கணக்கே போகும்.

“விளம்பரக் கணக்கையே மூடிட்டான்”

யார் அழுத்தினார்கள் என்று யோசியுங்கள். சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ‘எல்லாரும் போய் ஒரு கிளிக் பண்ணுங்க மக்கா’ என்று போட்டிருப்பீர்கள். அவையெல்லாம் செல்லாத கிளிக்குகள், ஆட்சென்ஸ் கணக்கை மூடிவிடும். ஒரு முறையீடு எழுதலாம், பெரிதாக நம்ப வேண்டாம். வேறு பெயரில் புதுக் கணக்கு திறப்பது அதைவிடத் தப்பு.

“சந்தா பொத்தானையே காணல”

மின்னஞ்சல் இதழ் நடத்தும் சப்ஸ்டாக் போன்ற இடங்களில் கட்டணச் சந்தா, ஸ்ட்ரைப் என்ற பணம் வாங்கும் சேவை வழியாக ஓடுகிறது. 2024 முதல் ஸ்ட்ரைப் இந்தியாவில் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே. ரேஸர்பே போன்ற உள்நாட்டு வழியில் பணம் வாங்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

“என் நாவலை யாரோ யூடியூப்ல வாசிக்காவ”

ஆடியோ நாவல் என்ற பெயரில் பெண் எழுத்தாளர்களின் தொடரை அப்படியே வாசித்து, படம் ஒட்டி, விளம்பரக் காசு பார்க்கிறார்கள். டெலிகிராமில் பி.டி.எஃப். சுற்றுவதும் உண்டு. கருத்துப் பகுதியில் போய்ச் சண்டை போடாதீர்கள், உஷாராகி நீக்கிவிட்டு வேறு பெயரில் வருவார்கள். முதலில் திரையைப் படம் எடுங்கள், முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யூடியூபின் பதிப்புரிமை நீக்கப் படிவத்தில், உங்கள் தொடர் முதலில் வெளியான பக்கத்தின் முகவரியையும் தேதியையும் வைத்து ஒவ்வொரு காணொளிக்கும் கொடுங்கள். 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை விழுந்தால் அந்தச் சேனல் போய்விடும். இந்தியாவில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகாரை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, குறித்த நாளுக்குள் முடிக்கக் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். டெலிகிராமுக்கு அந்த வழியில் எழுதலாம்.

பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டு. வழக்கு என்று போகும்போது சான்று கையில் இருப்பது நல்லது என்றால், இலக்கியப் படைப்புக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

“முதல்ல ரெண்டாயிரம் கட்டச் சொல்லுதாவ”

கட்டாதீர்கள். எழுதினால் காசு, தட்டச்சு செய்தால் காசு என்று சொல்லி, பதிவுக்கு, பயிற்சிக்கு, ‘டெபாசிட்’டுக்கு என்று முதலில் உங்களிடம் வாங்குகிற எவரும் உங்களுக்குக் கொடுக்கப் போவதில்லை. அதில் ஒரு கிளை, வேலையை முடித்துக் கொடுத்ததும் ‘பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், கோர்ட் நோட்டீஸ்’ என்று வக்கீல் பெயரில் மிரட்டும். வாட்ஸ்அப்பில் வரும் நோட்டீசுக்குப் பயந்து பணம் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

“டி.டி.எஸ். பிடிச்சிருக்காவ, திரும்பக் கிடைக்குமா?”

டி.டி.எஸ். என்பது காசு கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி. ராயல்டிக்கு 10 சதவீதம் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து வருஷத்துக்கு ஒருவரிடமிருந்து 50,000 ரூபாய் தாண்டினால்தான். 20 சதவீதம் பிடித்திருந்தால் பான் கொடுக்கவில்லை, அல்லது ஆதாரோடு இணைக்காமல் பான் செயலிழந்துவிட்டது என்று பொருள். 1,000 ரூபாய் கட்டி இணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பிடித்ததெல்லாம் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் உங்கள் பெயரில் நிற்கும். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்கள் கணக்கு தாக்கல் செய்தால் முழுசாகத் திரும்பி வரும்.

வருமானம் கூடியவர்களுக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80 கியூ.கியூ.பி. என்ற பிரிவு உண்டு. இலக்கிய, கலை, அறிவியல் நூல் ராயல்டியில் 3 லட்சம் ரூபாய்வரை கழிவு. பள்ளிப் பாடநூலுக்கும் கைடுக்கும் கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுகின்றன. ஆடிட்டரிடம் எண்ணைச் சொல்லாமல் ‘எழுத்தாளர் ராயல்டிக் கழிவு’ என்றே கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ராயல்டிக்கு அந்தக் கழிவு வேண்டுமென்றால், நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே பெயர்ப் பொருத்தம் இல்லாமல் நிற்கும் டாலரைச் செப்டம்பர் முடிவதற்கு முன்னாலேயே விடுவித்துக்கொள்ளப் பாருங்கள்.